ஆயா சரியாத்தான் அமுக்கினாங்க

செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, வைவா எல்லாம் ஒருவழியாக முடிந்து மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை. ஒரு பட்டனைப் பற்றி எழுதப் போகிறேன். சட்டைப் பட்டன் இல்லை, விரலால் அமுக்குகிற பட்டன். "அதைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். போன மாதம் எங்க ஆயா தலைசுற்றி உட்காரும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கதைச் சுருக்கம். ஆயா என்றால் அப்பாவோட அம்மா. வயது எழுபதைத் தாண்டியாச்சு. காலையில் பிரஷர் மாத்திரை, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. "போட்டேனா, போடலையா" என்பதுதான் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் பட்டிமன்றம். மினி புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த எனக்கு இது போதாதா? மாத்திரை டப்பா பக்கத்தில் வைக்க ஒரு சின்னப் பெட்டி. மாத்திரை போட்டதும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். திரையில் "காலை: போட்டாச்சு" என்று வரும். அமுக்கவில்லை என்றால் "காலை: இல்லை". அவ்வளவுதான் விஷயம்.

ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெயிலில் சுற்றி, ஒரு ஈஎஸ்பி32 போர்டு, நேரம் காட்ட ஒரு கடிகார மாட்யூல், 2.9 இஞ்சு ஈ-பேப்பர் திரை, கூடவே ஒரு கைப்பிடி பட்டன்கள் வாங்கி வந்தேன். இதில் விலை அதிகம் திரைதான். பட்டனுக்குக் கடைக்காரர் விலையே தனியாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பட்டன் மேல் அவ்வளவுதான் மரியாதை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் ஈ-பேப்பர்? காகிதம் மாதிரி இருக்கும், கண்ணைக் கூசாது, ஆயாவுக்குப் பெரிய எழுத்தில் காட்டலாம். இதன் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிர் எதிர் மின்னூட்டத்தோடு ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். போன இடத்திலேயே நின்றுவிடும். அதனால் படத்தை மாற்றும்போது மட்டும்தான் கரண்ட் தேவை, காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 1997-ல் தொடங்கிய ஈ-இங்க் கம்பெனி இதை வியாபாரமாக்கியது. 2007-ல் வந்த கிண்டில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 2006-ல், மோட்டோரோலா ஈ-பேப்பர் திரை வைத்த மோட்டோஃபோன் என்ற விலை குறைந்த போனை இந்தியாவில் விற்றது. யார் வீட்டு அலமாரியிலாவது இன்னும் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இத்தனை நல்ல குணத்துக்கும் ஈடாக ஈ-பேப்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது சோம்பேறி. நான் வாங்கிய கறுப்பு வெள்ளைத் திரை முழுதாக மாற ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். அந்த நேரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கி மினுக்கி அடங்கும். சிவப்பு நிறமும் சேர்ந்த திரை என்றால் 15 விநாடி வரை ஆகும். ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் 0.3 விநாடியில் முடிக்கலாம். ஆனால் அப்படியே பலமுறை செய்தால் பழைய எழுத்தின் நிழல் தங்கிவிடும்.

இனி நான் எழுதிய புரோகிராம். நிமிடத்துக்கு ஒருமுறை மணியை மாற்றித் திரையை முழுசாக வரை. பிறகு பட்டனைப் பார். அமுக்கியிருந்தால் "போட்டாச்சு" என்று மாற்றித் திரும்ப வரை. கொஞ்சம் டிலே. மறுபடி முதலிலிருந்து. நம்ம லேபில் எல்லோரும் எழுதும் அதே புரோகிராம்தான். இருபது தடவை அமுக்கிப் பார்த்தேன், வேலை செய்தது. வைவாவிலும் அமுக்கிக் காட்டினேன். கைதட்டாத குறை!

பெட்டி வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை. ஆயா மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கிவிட்டு மார்க்கெட் போயிருக்காங்க. பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் திரையில் "காலை: இல்லை". போட்ட மாதிரி ஞாபகம் இருந்தது, அமுக்கின மாதிரியும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் "பேரன் இன்ஜினியர் பண்ணது, மிஷின் பொய் சொல்லுமா" என்று நினைத்து இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கிட்டாங்க. பதினோரு மணிக்குத் தலைசுற்றி வாசற்படியிலேயே உட்கார்ந்தாச்சு. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்து ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனாங்க. பிரஷர் இறங்கியிருந்தது, படுக்க வைத்துப் பார்த்துவிட்டு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். "சந்தேகம் வந்தா போடாதீங்கம்மா, கேளுங்க" என்றார் டாக்டர்.

காலேஜில் இருந்து ஓடி வந்த நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"நீ சரியா அமுக்கியிருக்க மாட்ட ஆயா."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. "ஆமா, எனக்கு விரல்ல வலு ஏது" என்று முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

அன்று ராத்திரி பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரை மினுக்கும் நேரம் பார்த்துப் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். திரை வரைந்து முடியும் வரை என் புரோகிராம் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று திரையையே கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த 2 விநாடிக்குப் பட்டன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 60 விநாடியில் 2 விநாடி செவிடு. அதாவது 30 தடவைக்கு ஒரு தடவை அமுக்கியது காற்றோடு போகும். ஆயா ஒரு நாளைக்கு மூன்று தடவை அமுக்குறாங்க. பத்து நாளைக்கு ஒரு தடவை பெட்டி அவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும்!

அப்புறம் என் இருபது தடவை சோதனையில் ஏன் தெரியவில்லை? தெரிந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஒரு தடவை அமுக்கி ஒன்றும் ஆகாதபோது, கை தானாக இன்னொரு தடவை அமுக்கியது. செய்தவனுக்கு அது பழக்கம். ஒருமுறை அமுக்கிவிட்டு நம்பிப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தப்பும் இருந்தது. ஆயா பட்டனை அமுக்கினால் திரை மாறும் வரை விரலை எடுக்க மாட்டாங்க. காலிங் பெல்லையும் அப்படித்தான் அமுக்குவாங்க. என் புரோகிராமோ "இப்போது அமுங்கியிருக்கிறதா" என்று மட்டும்தான் கேட்டது, "புதிதாக அமுக்கினார்களா" என்று கேட்கவில்லை. அதனால் ஒருமுறை வரைந்து முடித்த பிறகும் விரல் அங்கேயே இருந்தால் இரண்டாவது அமுக்கலாக எண்ணியது. நல்லவேளை, அது எண்ணிக்கை மட்டும்தான்.

இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிறவர். தகடை வைத்தால் மேலிருந்து ராம் இறங்கி வெட்டும், வளைக்கும். ஒழுங்கான பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் ராம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் இருக்காது, அதுதான் காரணம். நான் கேட்காமலே அப்பா சொன்னார்: "ரெண்டையும் விட்டுட்டு திரும்ப அமுக்கினாத்தான் அடுத்த அடி விழணும். அமுக்கிக்கிட்டே இருந்தா திரும்பத் திரும்ப அடிச்சா அது பிரஸ் இல்லடா, எமன்."

என் புரோகிராமில் இருந்த இரண்டாவது தப்பு அதேதான்! இரு கை பட்டனுக்கான சர்வதேச விதிமுறை ஐஎஸ்ஓ 13851. அதன் கடுமையான வகைகளில் இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் அமுக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டையும் விட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். ஒரு பட்டனில் ஆப்பு செருகி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்ட முடியாதபடி செய்வதுதான் நோக்கம். இந்தச் சோதனை எல்லாம் இல்லாத பழைய மெஷின்களும் உண்டு. அப்பா முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் அவருடைய நண்பருக்கு இரண்டு விரல் போனது. ராம் தானாக இரண்டாவது முறை இறங்கியது என்று அவர் கடைசி வரை சொன்னாராம். பேப்பரில் எழுதியது: "தொழிலாளியின் கவனக்குறைவு".

"நீ சரியா அமுக்கியிருக்க மாட்ட" என்று நான் சொன்னதும், "கவனக்குறைவு" என்று அவர்கள் எழுதியதும் ஒன்றுதானே? மெஷினைத் திறந்து பார்க்காமலே விரல் மேல் பழி.

என் கருத்து இதுதான். ஒரு மனிதர் பட்டனை அமுக்குவது அவர் மெஷினிடம் சொல்லும் ஒரு வார்த்தை. அதைக் கேட்பது முதல் வேலை. கேட்டுவிட்டேன் என்று உடனே சொல்வது இரண்டாவது வேலை. திரையில் அழகாகக் காட்டுவதெல்லாம் மூன்றாவது. நாம் படிப்பதும் செய்வதும் மதிப்பெண் வாங்குவதும் தலைகீழாக இருக்கிறது. திரைக்கு ஒரு வாரம் செலவழித்தேன். தமிழ் எழுத்து ஒழுங்காக வராமல் ஒவ்வொரு சொல்லையும் படமாக மாற்றி ஏற்றினேன். பட்டனுக்குச் செலவழித்தது ஐந்து நிமிடம்.

இதை ஒழுங்காகச் செய்த உதாரணம் நம் எல்லோருக்கும் தெரியும். ஓட்டு மெஷின். 1982-ல் கேரளாவின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் நம்ம எழுத்தாளர் சுஜாதா என்பதும் தெரிந்திருக்கும். அந்த மெஷினின் அரசியல் இந்தப் பதிவில் வேண்டாம், பின்னூட்டத்திலும் வேண்டாம் :-) பட்டனை மட்டும் பாருங்கள். அதிகாரி தன் பக்கம் பட்டனை அமுக்கி அனுமதித்தால்தான் உங்கள் பட்டன் உயிர் பெறும். நீங்கள் அமுக்கியதும் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்கும். அதன்பிறகு நீங்கள் பத்து தடவை அமுக்கினாலும் ஒரு ஓட்டுதான். 2013-க்குப் பிறகு கூட வந்த விவிபேட் பெட்டியில் காகிதச் சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியாகத் தெரிந்துவிட்டு உள்ளே விழும். காகிதம் மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை. விளக்கு அதற்காகக் காத்திருப்பதில்லை. படிக்கத் தெரியாதவரும் "என் ஓட்டு விழுந்துச்சு" என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறார்.

மோட்டோஃபோன் என்றேனே, அதுவும் இப்படித்தான். திரையில் சில எழுத்துக்குமேல் காட்ட முடியாது. அதனால் மெனுவைக் குரலிலும் சொல்லும்படி செய்திருந்தார்கள். திரையால் முடியாததைக் காது வழியாகச் செய்தார்கள். விலை குறைந்த போனில்!

இப்போது எதிர்வாதம். என் கிளாஸ்மேட் ஒருத்தன் சொன்னான்: "ஈ-பேப்பர் ஸ்லோ, அது ஹார்டுவேர் பிரச்சினை. ரெண்டு செகண்டு வெயிட் பண்ணச் சொல்லு." மெதுவாக இருப்பது திரை, ஈஎஸ்பி32 இல்லை. அந்த 2 விநாடியில் அது லட்சக்கணக்கான வேலை செய்ய முடியும். சும்மா நின்றது என் புரோகிராமால்தான். ஆயாவைக் காக்க வைப்பதைவிட அதை வேலை வாங்குவது சுலபம்.

இன்னொருத்தன் கேட்டது நியாயமான கேள்வி: "இன்டரப்ட் போட்டா எல்லாம் சரியாயிடுமா?" ஆகாது. பட்டனுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் மோதும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளாது, சில மில்லி விநாடி துள்ளும். ஒரு அமுக்கலை இன்டரப்ட் ஐந்தாறாக எண்ணிவிடும். நீளமான ஒயர் போட்டால் பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் பொய்யாக ஒரு அமுக்கல் வரலாம். இன்டரப்ட் இல்லாமலும், எங்கேயும் நிற்காமல் சுற்றுகிற புரோகிராமாக இருந்தால் அடிக்கடி பட்டனைப் பார்த்தே சமாளிக்கலாம். எந்த வழி என்பது அவரவர் இஷ்டம். பட்டனைப் பார்க்காத நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

நான் மாற்றியவை, யாருக்காவது உதவட்டும்:

1) பட்டன் அமுங்கிய நொடியில் இன்டரப்டில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன். திரை வேலை எதுவும் அதற்குள் கிடையாது.

2) 50 மில்லி விநாடி கழித்தும் அமுங்கியே இருந்தால்தான் நிஜ அமுக்கல். விரலை எடுத்த பிறகுதான் அடுத்ததை எண்ணும்.

3) உடனே ஒரு பச்சை எல்இடி எரியும், பஸ்ஸர் ஒரு தடவை கத்தும். திரை அப்புறம் சாவகாசமாக வரட்டும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீ, ஒரு வடை காசுதான் ஆனது.

4) திரையில் காட்டுவதற்கு முன்பே பதிவை நிரந்தர மெமரியில் எழுதிவிடுகிறேன். கரண்ட் போனாலும் மறக்காது.

5) ஒரே வேளைக்கு இரண்டாவது தடவை அமுக்கினால் எண்ணாது. "ஏற்கெனவே போட்டாச்சு" என்று சொல்ல இரண்டு தடவை கத்தும்.

6) பட்டனை 34-ஆம் பின்னில் மாட்டியிருந்தேன். ஈஎஸ்பி32-ல் 34 முதல் 39 வரை உள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப் ரெசிஸ்டர் கிடையாது. அது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. வெளியே ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்கள் அல்லது வேறு பின்னுக்கு மாறுங்கள்.

7) இதுதான் எனக்குக் கடைசியாக உறைத்தது. ஈ-பேப்பர் கரண்ட் இல்லாமலே படத்தை வைத்திருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அதன் அர்த்தம், மெஷின் செத்துப் போனாலும் திரை உயிரோடு இருப்பது போலவே தெரியும். ஒரு நாள் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கி வைத்தேன். நேற்றைய "போட்டாச்சு" இன்றைக்கும் ஜம்மென்று நின்றது. சாதாரண எல்சிடி என்றால் அணைந்து போய் உண்மையைச் சொல்லிவிடும். அதனால் இப்போது திரையின் மூலையில் தேதியும், கடைசியாக மாற்றிய மணியும் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஆயாவிடம் "தேதி பழசா இருந்தா பெட்டியை நம்பாத" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த செமஸ்டரில் புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போகும் நண்பர்களுக்கும், ரிவ்யூ பார்க்கும் சார்களுக்கும் மேடங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். "அவுட்புட் காட்டு" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். திரை மாறிக்கொண்டிருக்கும்போது பத்து தடவை அமுக்குங்கள். அமுக்கிப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். செய்தவனை வெளியே அனுப்பிவிட்டு, அதை இதுவரை பார்க்காத ஒருவரை அமுக்கச் சொல்லுங்கள். எத்தனை அமுக்கல், எத்தனை எண்ணிக்கை என்று ஒரு பேப்பரில் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மார்க் கொடுக்காதீர்கள். இந்த விதிப்படி பார்த்தால் என் மார்க்கையே திருப்பித் தர வேண்டும், அதை அப்புறம் பேசிக்கொள்வோம் ;-)

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சரியாத்தான் அமுக்கியிருக்க, தப்பு என்னுது" என்றேன். "அதான் அன்னிக்கே எனக்குத் தெரியுமே" என்று சிரிச்சாங்க. பிறகு ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ படிச்சவன், நான் என்னத்தக் கண்டேன்" என்று பதில். புதுப் பெட்டி வந்து ஐந்து வாரம் ஆகிறது. பக்கத்திலேயே ஒரு நோட்டில் நானும் டிக் போட்டு வருகிறேன், இதுவரை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சத்தம் கேட்காமல் ஆயா டப்பாவை மூடுவதில்லை.

உங்கள் புராஜெக்டில் இப்படி ஏதாவது பட்டன் கதை இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். புரோகிராம் வேண்டும் என்பவர்களும் கேளுங்கள், பழைய தப்பான புரோகிராமையும் சேர்த்தே தருகிறேன்.